நிலம் தாங்கும் அளவுக்கு இறைச்சி

இலங்கையின் வடக்கே வன்னியில் பெரும்பாலும் மரக்கறியே சாப்பிட்டு, மச்சத்தை (மீனையும் இறைச்சியையும்) எப்போதாவது சமைப்பது வெளியிலிருந்து யாரும் வந்து கற்பித்த பழக்கம் அல்ல. செவ்வாயும் வெள்ளியும் சைவ வீடுகளில் மச்சம் அடுப்பில் ஏறாது. புரட்டாதிச் சனி, நவராத்திரி, ஐப்பசியில் கந்தசஷ்டி, கார்த்திகையில் தொடங்கி மார்கழிக்குள் நீளும் பிள்ளையார் பெருங்கதை, அதன்பின் திருவெம்பாவை என்று மழைக்காலத்தின் பெரும்பகுதி விரதங்களிலேயே கழிந்துவிடும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை முன்னிட்டு மச்சச் சட்டியை ஒதுக்கிவைக்கும் வீடுகள் முல்லைத்தீவுப் பக்கத்தில் இன்றும் உண்டு. மன்னாரிலும் மடுவைச் சுற்றிய ஊர்களிலும் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தவக்காலத்தின் 40 நாள்கள் இருக்கின்றன. இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால், எங்கள் முன்னைய தலைமுறையின் ஆண்டில் இறைச்சி உள்ள நாள்கள்தாம் விதிவிலக்கு.

ஆகவே, நிலைபேறான முறையில் வளர்க்கப்பட்ட இறைச்சியைப் பற்றிப் பேசும்போது, அந்த விலங்கு எங்கே மேய்ந்தது, எதைத் தின்றது என்ற கேள்விகளுக்கு முன்னால், எவ்வளவு உண்கிறோம் என்ற கேள்வியையே நான் வைக்க விரும்புகிறேன். நல்ல முறையில் வளர்த்த ஆடு என்பதற்காக வாரம் மூன்று முறை அதை உண்ண முடியுமானால், அந்த நல்ல முறை எங்கோ ஓரிடத்தில் உடைந்திருக்க வேண்டும். ஏனெனில் குளமும் வயலும் வேலியும் சேர்ந்து தாங்கக்கூடிய விலங்குகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் கிடைக்கும் இறைச்சி மிகவும் கொஞ்சம்.

முதலில் சோற்றைச் சொல்ல வேண்டும். இரணைமடுவுக்குக் கீழேயும் வவுனிக்குளம், முத்தையன்கட்டுப் பக்கங்களிலும் மாரி மழையோடு வரும் காலபோகத்தில் விளையும் நெல்லைப் புழுக்கிக் குற்றிய சிவப்பரிசிச் சோறு, அதனோடு ஒரு பருப்பு, ஒரு கீரை வறை, கத்தரிக்காயோ பூசணியோ ஒரு பாற்கறி, ஒரு சொதி. இது வறியவரின் சாப்பாடு என்று எண்ணப்பட்ட காலம் உண்டு. உண்மையில் நிறைவான சாப்பாடு. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மானாவாரியாக விளையும் உழுந்திலும் பயறிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. முல்லைத்தீவின் மணல் நிலத்துக் கச்சானும் அதற்குக் குறைந்ததல்ல. குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. அரிசியில் அதன் மிகச் சிறு பங்குதான் உண்டு. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, குறிஞ்சா எல்லாம் வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடைப்பவை. கீரையில் உள்ள இரும்பு உடலில் சேர வேண்டுமானால் அதனோடு தேசிக்காய்ப் புளி சேர வேண்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதை விட வேண்டும், தேயிலை அந்த இரும்பைச் சேரவிடாது. இவ்வளவையும் கவனித்து உண்பவருக்கு இறைச்சி அன்றாடத் தேவையாக இருப்பதில்லை.

அப்படியானால் முற்றாக விட்டுவிடலாமே என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை மதிக்கிறேன். விட்டிருப்பவர்கள் உயிர்ச்சத்து பி12 ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அது தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 2.4 மைக்குரோகிராம் போதும், ஆனால் அந்தச் சிறிய அளவு பாலிலிருந்தோ முட்டையிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ வந்தே ஆக வேண்டும். என்னைப் பொறுத்தவரை, நான் இறைச்சியை முற்றாக விடாததற்குக் காரணம் சத்துக் கணக்கு அல்ல. இந்த நிலத்து வேளாண்மை விலங்கு இல்லாமல் நடந்த காலம் இல்லை என்பதும், விலங்கு இருக்கும் இடத்தில் மிஞ்சும் விலங்கும் இருக்கும் என்பதுமே காரணம்.

அந்த மிச்சத்தைப் பகிர்வதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது: பங்கு இறைச்சி. ஊரில் ஒருவர் கிடாய் விற்க இருக்கிறார் என்றால், யாராவது வீடு வீடாகப் போய்ப் பங்கு கேட்பார்கள். பத்து வீடு சேர்ந்தால் பத்துப் பங்கு, எட்டு வீடு சேர்ந்தால் எட்டு. ஞாயிறு விடிய மர நிழலில் அறுத்து, வாழையிலையில் பங்கு வைப்பார்கள். ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், குடல், கொழுப்பு எல்லாம் சமமாக விழ வேண்டும். விழாவிட்டால் அங்கேயே கேள்வி வரும். இரத்தம் வறைக்குப் போகும், எலும்பு ரசத்துக்குப் போகும், தலையும் கால்களும் சூப்பு வைக்கக் கேட்டவருக்குப் போகும். எறியப்படுவது எதுவும் இல்லை. இதில் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு: ஆள் சேராவிட்டால் ஆடு அறுபடாது. எங்கள் பக்கத்தில் ஆடு வளர்க்கும் ஓர் அம்மாவிடம், கிடாய் ஒன்றைத் தருவீர்களா என்று கேட்டேன். "பங்குக்கு ஆள் சேரட்டும் பிள்ளை, அதுக்குப் பிறகு கிடாயை அவிழ்ப்பம்" என்றார். கடையில் இறைச்சி முதலில் தொங்குகிறது, வாங்குபவர் பிறகு வருகிறார். விற்காதது குளிர்பெட்டிக்குப் போகிறது. பங்கில் உண்பவர் முதலில் வருகிறார். வீணாகாத இறைச்சிக்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

இனி எல்லையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஆறு மறி ஆடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சினைக்காலம் ஐந்து மாதம்; நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்றுக் கிடைக்கும். இரட்டைக் குட்டிகளையும் மாரியில் செத்துப்போகும் குட்டிகளையும் சரிக்குச் சரி கழித்தால், ஆண்டுக்கு ஒன்பது பத்துக் குட்டிகள் தேறும். அவற்றில் பாதி கிடாய். இருபது மறிகளுக்கு ஒரு கிடாய் போதும் என்பதால், பிறக்கும் கிடாய்க் குட்டிகளில் ஏறத்தாழ அத்தனையும் மந்தைக்கு மிச்சம். மறிகள் பாலுக்கும் பெருக்கத்துக்கும் நிற்கும். கிடாய்கள் விலைக்குப் போகும். ஆண்டுக்கு நாலைந்து கிடாய், ஒன்றில் எலும்போடு பத்துக் கிலோ என்று எடுத்தால், 40 முதல் 50 கிலோ வரை வரும்.

இந்த அளவு எத்தனை பேருக்கு? மனித உடல்நலத்தையும் புவியின் தாங்குதிறனையும் சேர்த்து ஆராய்ந்த ஈட்–லான்செட் ஆணைக்குழு, 2019இல் வெளியிட்ட உணவுத் திட்டத்தில் சிவப்பு இறைச்சிக்கு ஒருவருக்கு நாளுக்கு 14 கிராம் என்று வைத்தது; ஒன்றும் உண்ணாவிட்டாலும் குறையில்லை, 28 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அதன் எல்லை. நாளுக்கு 14 கிராம் என்பது வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25 கிலோ. ஆறு மறி ஆடுகளின் முழு விளைவும், உலக அளவில் மிகக் கட்டுப்பாடானது என்று சொல்லப்படும் இந்த உணவுத் திட்டத்தின்படிகூட, இரண்டு குடும்பங்களுக்குத்தான் காணும். ஆறு ஆடுகளுக்குக் குழை வெட்டிக் கட்டியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு வேலை என்று. பூவரசும் கிளிசரியாவும் இப்பில் இப்பிலும் வேலியில் இருந்தாலும், ஆவணியில் எல்லாம் மொட்டையாகிவிடும். ஊரில் உள்ள எல்லா வீடும் ஆறு ஆடு கட்டினால் வேலி மிஞ்சாது. அரிசியும் பருப்பும் கீரையும் சாப்பாட்டின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். அந்த அளவை நிலமே சொல்கிறது.

இறைச்சி குறைவாக இருக்கும்போது அதைச் சமைக்கும் விதமும் மாறும். ஒடியற் கூழை நினைத்துப் பாருங்கள். பெரிய பானையில் ஒடியல் மா, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, கீரை, புளி எல்லாம் சேர்ந்து கொதிக்கும்போது அதில் போடுகிற மீனும் நண்டும் இறாலும் மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். ஆனால் பானை முழுவதும் அதன் மணம் ஏறிவிடுகிறது. அதே போல எலும்போடு கூடிய ஒரு கைப்பிடி ஆட்டிறைச்சியை முருங்கைக்காயோடும் உருளைக்கிழங்கோடும் பிரட்டினால் ஆறு பேர் இரு வேளை உண்ணலாம். நாங்கள் அப்படித்தான் சமைக்கிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

புறொயிலர் கோழியைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும், ஏனெனில் இன்று இலங்கையில் மிக அதிகமாக உண்ணப்படும் இறைச்சி கோழிதான்; ஏ9 வீதியின் எந்தச் சந்தியிலும் அது கிடைக்கிறது. ஒரு கிலோ இறைச்சிக்கு வெளியாகும், புவியைச் சூடாக்கும் வாயுவை மட்டும் கணக்கிட்டால், புறொயிலர் கோழி ஆட்டையும் மாட்டையும் விடக் குறைவானதே. இதை மறைத்து ஊர்க்கோழியையும் ஆட்டையும் புகழ்வது நியாயமாகாது. ஆனால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவாக வளரும் அந்தக் கோழி, மூன்றரைக் கிலோ அளவில் தீவனம் தின்கிறது, அந்தத் தீவனம் சோளமும் சோயாவும். சோளம் மனிதர் நேராகவே உண்ணக்கூடிய தானியம். சோயாப் பிண்ணாக்கு பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது. 2022இல் டொலர் இல்லாமற்போனபோது தீவனம் விலை ஏறிப் பண்ணைகள் மூடப்பட்டன. 2023இல் நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. தவிடும் கறையானும் வீட்டு மிச்சமும் தின்று வளரும் ஊர்க்கோழிக்கு அந்த நெருக்கடி தெரியாது. அது விலைக்கு வளர ஐந்தாறு மாதம் எடுக்கும், கீரியும் பருந்தும் கொண்டுபோகும், றாணிகெற் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூடு காலியாகும். தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டாலும் வாரா வாரம் ஊர்க்கோழிக் கறி என்பது நடக்காத காரியம். சந்தையில் ஊர்க்கோழி என்ற பெயரில் வாரா வாரம் தடையின்றிக் கிடைப்பது, கூண்டில் அதே தீவனத்தில் வளர்ந்த கலப்புக் கோழியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மேய்ச்சலில் வளர்ந்தது என்றாலே புவிக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் வயிற்றில் மீதேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப் போல 27 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. மேய்ச்சலில் வளரும் மாடு மெதுவாக வளர்வதால், ஒரு கிலோ இறைச்சிக்கு அது விடும் மீதேன் தீவனத்தில் வளர்ந்த மாட்டைவிடக் கூடவே இருக்கும். 2018இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்துப் பார்த்தது. மிகக் குறைந்த பாதிப்போடு உற்பத்தியாகும் விலங்குணவுகூடப் பொதுவாக அதற்கு மாற்றான தாவர உணவைவிடக் கூடிய பாதிப்பைத் தருகிறது என்பதே அதன் முடிவு. நீர் நிற்கும் எங்கள் நெல் வயலும் மீதேன் விடுகிறது, இடையிடையே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது குறையும். மரக்கறிச் சோறும் முற்றிலும் குற்றமற்றது அல்ல. ஆனாலும் முடிவு மாறாது. நல்ல முறையில் வளர்த்தல் என்பது அளவைக் கூட்டிக்கொள்ளக் கிடைத்த அனுமதி அல்ல.

பிறகு ஏன் மாடு? விடை பால், எரு, வைக்கோல் என்ற மூன்றில் அடங்கியிருக்கிறது. அரிவு வெட்டி முடிந்த பங்குனியில் வயல் முழுவதும் கிடக்கும் வைக்கோலையும் தாளையும் மனிதர் உண்ண முடியாது. பட்டி மாடு அதை உண்டு பாலாகவும் எருவாகவும் திருப்பித் தருகிறது. இரவில் வயலில் பட்டி அடைத்தால் எருவைச் சுமந்துபோகும் செலவும் இல்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்படும்வரை, பட்டி வைத்திருந்தவரின் வாசலில் எருவுக்காக நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் அந்த எருவை அள்ளக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. அது எங்கள் வழக்கம், அதை நான் மாற்றப்போவதும் இல்லை. ஆனால் பால் குடிக்கிறோம், தயிரும் மோரும் நெய்யும் உண்கிறோம். பசு கன்று ஈன்றால்தான் பால். ஈனும் கன்றுகளில் பாதி நாம்பன். ஏரும் வண்டியும் இருந்த காலத்தில் நாம்பனுக்கு வேலை இருந்தது, அதனால் வாழ்வும் இருந்தது. லான்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரம் வந்து, பிறகு பெரிய உழவு இயந்திரமும் வந்தபின், நாம்பனுக்கு வயலில் இடமில்லை. அது விற்கப்படும், அல்லது கட்டாக்காலியாக ஏ9 வீதியில் படுத்திருந்து இரவில் வாகனத்தில் அடிபடும். மாட்டிறைச்சி உண்பவரைக் குறைவாகப் பேசிக்கொண்டு, தயிரை மட்டும் தூய்மையானது என்று எண்ணுகிற ஒருவர், அந்தத் தயிருக்குப் பின்னால் இருக்கும் நாம்பன் கன்றுக்கு என்ன விடை வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் விடை, பாலையும் குறைவாக உண்பது. பட்டியின் அளவுக்கு மேல் பாலை எதிர்பார்க்காதது. மாட்டிறைச்சி உண்ணும் அயலவர், கிறிஸ்தவரோ முஸ்லிமோ சைவரோ, அந்த நாம்பனை உணவாக்கும்போது அதை வீணாகாத ஒரு முடிவாகப் பார்ப்பது. இந்த விடை எல்லாருக்கும் உவக்காது என்பதை அறிவேன்.

காட்டிறைச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இயற்கையில் வளர்ந்த இறைச்சி அதுதானே என்று வாதிடுபவர்கள் வன்னியில் நிறையப் பேர். மானும் மரையும் கொல்வது 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கம்பிச் சுருக்கும், பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் ஆளையும் விலங்கையும் பார்த்துப் பிடிப்பதில்லை என்பது. பன்றிக்கு என்று இரைக்குள் வைக்கும் வெடியை யானைக் கன்று கடித்து, வாய் சிதைந்து, உண்ண முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகிறது. யாரும் வளர்க்காத விலங்குக்கு எண்ணிக்கை பார்ப்பவரும் இல்லை. காட்டிறைச்சி வத்தல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதை நான் வாங்குவதில்லை.

குளத்து மீன் வேறு விதம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எங்கள் குளங்களில் தானாகவே பெருகுகிறது, விராலும் உண்டு. தீவனம் வேண்டாம், நிலம் வேண்டாம். சிறிய கண் வலையைத் தடுத்துக் குஞ்சுகளை விட்டுவைத்தால் போதும். விரதம் இல்லாத ஒரு நாளில் மச்சம் வேண்டுமென்றால், நான் முதலில் நாடுவது இதைத்தான்.

இவ்வளவையும் ஒரு வீடு தனியாகச் செய்துவிட முடியாது, அதற்கு மேய்ச்சல் தரை வேண்டும். காலபோகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டிருக்கும். பட்டி மாடுகளைக் காட்டோரம் சாய்க்க வேண்டும். போருக்குப் பின் திரும்பி வந்தபோது, முன்பு மேய்ச்சலுக்கு விட்டிருந்த இடங்களில் காடு மூடியிருந்தது. பல இடங்களில் வனத்துக்கான எல்லைக்கற்கள் நடப்பட்டன, வேறு இடங்கள் குடியிருப்பாகவும் வயலாகவும் மாறின. 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் பெரிதும் அடிபட்டன. கொன்றது குளிர்தான். ஆனால் மாரி முழுவதும் அரைவயிற்றோடு மழையில் நிற்கும் மாட்டுக்கு எந்தக் குளிரைத் தாங்கும் வலு இருக்கும்? என் எண்ணத்தில், அந்தச் சாவுகளில் மேய்ச்சல் தரை இல்லாமைக்கும் பங்கு உண்டு.

ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலும் குளத்து நீர் ஏறும் எல்லையான அலைகரைக்கு அப்பால் மேய்ச்சலுக்கென நிலம் அளந்து ஒதுக்கப்பட வேண்டும் என்று கமக்காரர் அமைப்புகளும் பண்ணையாளர்களும் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். இறைச்சியே உண்ணாதவர்களும் இந்தக் கோரிக்கையில் சேர வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவர்களுடைய கீரைப் பாத்திக்குப் போகும் எருவும் அந்தத் தரையிலிருந்துதான் வருகிறது. தரை இல்லாவிட்டால் ஆடு வளர்ப்பவர் தீவன மூட்டையை வாங்கத் தொடங்குவார், பட்டி வைத்திருப்பவர் மாட்டை விற்றுவிடுவார். பங்குக்கு ஆள் சேர்க்கும் வீடுகள், கிடாயின் விலையைப் பேசும்போதே அது மாரியில் எங்கே மேய்ந்தது என்றும் கேட்கலாம். அடுத்த மாரிக்கு அந்த இடம் இருக்குமா என்பதையும் வளர்ப்பவரிடமே கேட்டறிந்து, இல்லை என்றால் அவரோடு சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போகலாம்.